பிப்ரவரியில் எடுத்த ஸ்கேன்

ஜூன் 5, திங்கள்

இன்று கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை. ஆறேழு பெண்கள் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தார்கள். வயிற்றில் துணியை நான்கு மடிப்பாக வைத்திருந்தேன். பவுடர் போட்டிருந்தேன். அப்படியும் வாடை. பஸ் ஓட்டுகிறவர் என் வீட்டுக்காரர் சாலமோன். கண்ணாடியில் எல்லாவற்றையும் பார்த்திருப்பார். இறங்கும்போது, "மெதுவா இறங்கு, தெபோரா" என்று மட்டும் சொன்னார்.

இருபத்திரண்டு வருஷமாக நான் ஷூ கம்பெனியில் செக்கர். விட்டுப்போன தையல், தோலில் பழைய கீறல், சாயம் ஏறாத இடம் எதுவாக இருந்தாலும் அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவது என் வேலை. இனி என் உடம்பில் நடந்த தப்பையும் எழுதி வைக்கப் போகிறேன். பிரிசில்லாவின் காலேஜ் நோட்டு ஒன்று பாதி காலியாக இருந்தது. கல்யாணமாகிப் போனவளுக்கு இனி எதற்கு?

போன ஆகஸ்டில் பைபாஸ் ரோடு ஆஸ்பத்திரியில் எனக்குக் குடலிறக்க ஆபரேஷன். கர்ப்பப்பை எடுத்தபோது போட்ட தையல் உள்ளுக்குள் விட்டுப்போய்க் குடல் பிதுங்கிக்கொண்டு இருந்தது. பிளாஸ்டிக் வலை ஒன்றை வைத்துத் தைத்தார்கள். நவம்பரில் தொப்புளுக்குக் கீழே ஒரு பொத்தல் விழுந்தது. அதிலிருந்து சீழ். ஏழு மாதமாகச் சீழ், ஏழு மாதமாக மாத்திரை. "புடவை உரசுது, அதனாலதான்" என்றார் அந்த டாக்டர். புடவை உரசினால் சீழா வரும்? என் பாட்டி முதல் எல்லோரும் புடவைதானே கட்டினார்கள்.

ஜூன் 7, புதன்

ஐந்து துணி மாற்றினேன். கிரைண்டர் பெல்ட் அறுந்துவிட்டது. கடை மாவு. புளிக்கவே இல்லை.

ஜூன் 8, வியாழன்

லைன் சூப்பர்வைசர் சொல்லித்தான் வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். பீரோவிலிருந்து பழைய ஃபைலை எடுத்துக்கொண்டேன். வீட்டுக்காரருக்கு டியூட்டி. பிரிசில்லா குடியாத்தத்தில் மாமியார் வீட்டிலிருந்து நேராக அங்கே வந்து சேர்ந்தாள். கல்யாணமாகி நாலு வாரம்தான் ஆகிறது. கழுத்தில் புதுத் தாலிச்செயின் பளபளவென்று இருந்தது.

டாக்டர் பெயர் வினோலியா. என் வயதுதான் இருக்கும். துணியை அவரே எடுத்தார். முகம் சுளிக்கவில்லை. ஏழு மாதத்தில் முகம் சுளிக்காத முதல் ஆள். பிறகு ஃபைலில் இருந்த ஸ்கேன் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினார்.

"இது பிப்ரவரி பதினாலாம் தேதி எடுத்தது. வலையைச் சுத்திச் சீழ் கட்டியிருக்குறது அப்பவே தெளிவா தெரியுதே. உங்ககிட்ட என்ன சொன்னாங்க?"

"சும்மா செக்கப்னு சொன்னாங்க டாக்டர்."

"ரிப்போர்ட் எங்க? படம் மட்டும்தான் இருக்கு."

ஃபைலில் ரிப்போர்ட் இல்லை. பிரிசில்லாவைக் கேட்கலாம் என்று திரும்பினேன். தண்ணி பாட்டில் வாங்கப் போயிருந்தாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்பத்திரி வாடை ஆகாது.

"இந்த வலையில கிருமி குடியேறிடுச்சும்மா. எந்த மாத்திரையும் அங்க போய்ச் சேராது. வலையை எடுத்தே ஆகணும். நாலு மாசம் முன்னாடியே எடுத்திருந்தா இவ்வளவு சதை கெட்டிருக்காது."

நாலு மாசம்! அந்த நாலு மாதத்தில் நான் நூற்று இருபது பத்திரிகை கொண்டுபோய்க் கொடுத்தேன். சீர்வரிசைப் பாத்திரம் தூக்கினேன். மே பதினொன்றாம் தேதி நூற்றிரண்டு டிகிரிக் காய்ச்சலோடு சர்ச் வாசலில் நின்று எல்லோரையும் வாங்க வாங்க என்றேன். சனிக்கிழமை அந்தப் பைபாஸ் ரோடு டாக்டரைப் பார்க்காமல் விடமாட்டேன்.

ஜூன் 10, சனி

போனேன். டோக்கன் போடாமல் உள்ளே போனேன். "பிப்ரவரியிலயே தெரிஞ்சும் என்கிட்ட ஏன் மறைச்சீங்க?" என்று நின்றுகொண்டே கேட்டேன். வெளியே இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

டாக்டர் தனஞ்செழியன் அசரவில்லை. நர்ஸிடம் சொல்லி என் கேஸ் ஷீட்டை எடுத்துவரச் சொன்னார். அதில் ஒரு தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். "வலையை உடனே அகற்ற வேண்டும் என்று விளக்கப்பட்டது. வீட்டு விசேஷம் முடிந்த பிறகு செய்துகொள்வதாகக் குடும்பத்தார் கேட்டுக்கொண்டனர்." கீழே இரண்டு கையெழுத்து. முதலாவது சாலமோன். மூக்குக் கண்ணாடியைக் கொண்டுபோகவில்லை. அதனால் இரண்டாவதைச் சரியாகப் படிக்க முடியவில்லை.

"நான் எழுதி வாங்கியிருக்கேன்மா. என்மேல தப்பு இல்ல."

"நோயாளி யாரு டாக்டர்? நானா, அவங்களா?"

"உங்ககிட்ட சொன்னா பயந்துடுவீங்க, சுகர் ஏறிடும்னாங்க."

"நான் எங்க இருந்தேன் அன்னிக்கி? மயக்கத்துலயா இருந்தேன்? வெளிய பெஞ்சில உக்காந்துகினு இருந்தேன். பத்தடி தூரம். எழுந்து வந்து சொல்ல உங்களுக்குக் கால் இல்லையா?"

டாக்டர் கேஸ் ஷீட்டை மூடினார். "அடுத்த பேஷண்ட்" என்றார்.

வீட்டுக்கு வந்தேன். அவர் சாப்பிட்டுக்கொண்டு இருந்தார். தட்டை இழுத்துக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். எச்சில் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கல்யாணம் முடியட்டும்னு பாத்தேன்."

"யார் யோசனை?"

"நான்தான். நான்தான் சொன்னேன்."

இரண்டு தடவை சொன்னார். இருபத்தெட்டு வருஷத்தில் இந்த மனுஷன் எந்த முடிவையும் தானாக எடுத்ததில்லை. குழம்புக்குக் கத்தரிக்காய் வாங்கவா முருங்கைக்காய் வாங்கவா என்று கடையிலிருந்து போன் செய்வார். இதை மட்டும் தானாக எடுத்தாராம்.

மேலே கேட்கவில்லை. தட்டைக் கழுவிவிட்டு வந்தேன்.

ஜூன் 11, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. பிரிசில்லா மூன்று தடவை போன் செய்தாள். கை ஈரமாக இருந்தது. எடுக்கவில்லை.

ஜூன் 15, வியாழன்

டாக்டர் வினோலியா ஒரு வெள்ளைத்தாளில் படம் போட்டுக் காட்டினார். தோல், கொழுப்பு, தசை, உள்ளே குடல். வயிற்றுக்கும் ஒரு சுவர் இருக்கிறது, அந்தச் சுவரில் எனக்கு உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை என்றார். முதலில் பிளாஸ்டிக் வலையையும் அழுகிய சதையையும் எடுக்க வேண்டும். ஒரு வாரம் கழித்துச் சுவரைச் சேர்த்துத் தைக்க வேண்டும். தையல் மட்டும் நிற்காது, பின்னால் ஒன்றை வைத்துத் தாங்க வேண்டும்.

"மறுபடியும் வலையா?"

"சீழ் இருந்த இடத்துல பிளாஸ்டிக் வைக்க எனக்கு தைரியம் இல்லம்மா. இது வேற. பன்றித் தோலோட அடித்தோல். அதுல இருக்குற உயிரணு எல்லாத்தையும் கழுவி எடுத்துட்டு வெறும் நார் மட்டும் விட்டிருப்பாங்க. உங்க ரத்தக்குழாய் அதுக்குள்ள வளர்ந்து போகும். கொஞ்சம் கொஞ்சமா உங்க உடம்பு அதைத் தன் சதையா மாத்திக்கும். கிருமி வந்தாலும் ஓரளவு தாங்கும்."

எங்கள் கம்பெனிக்குப் பன்றித்தோல் வராது. மாடும் ஆடும்தான். ஆனால் தோல் எனக்குத் தெரியும். எத்தனை மில்லிமீட்டர் கனம், இழுத்தால் எவ்வளவு நீளும், எந்தப் பக்கம் உள்ளே போகும் என்று கேட்டேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இதுவரைக்கும் யாரும் என்னை இப்படிக் கேட்டதில்ல" என்று சொல்லிவிட்டு, ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார்.

கடைசியாகச் சொன்னதையும் எழுதிவைக்கிறேன். "நிச்சயமா நிக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். சிலருக்கு மறுபடியும் கிருமி வருது. சிலருக்கு ரெண்டு மூணு வருஷத்துல தளர்ந்து திரும்பவும் பிதுங்குது. டாக்டருங்களுக்குள்ளயே இதுல ரெண்டு கருத்து இருக்கு. உங்களுக்கு இதுதான் சரின்னு எனக்குத் தோணுது. யோசிச்சு நீங்க சொல்லுங்க."

நீங்க சொல்லுங்க! இந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல ஒருவருக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. நல்லதைச் சொல்லும்போதே எனக்கு ஏன் இப்படி ஆத்திரம் வந்தது என்று தெரியவில்லை. வெளியே வந்து நடைபாதையில் உட்கார்ந்து அழுதேன். யாரோ ஒரு பெண் பிஸ்கட் கொடுத்தாள். வாங்கித் தின்றேன்.

ஜூன் 17, சனி

நாத்தனார் லீதியாள் வந்தாள். ஓய்வுநாள் சபைக்காரி, பன்றியைத் தொடமாட்டாள். சனிக்கிழமை ஆராதனை முடித்த கையோடு வந்திருக்கிறாள்.

"பன்னித் தோல வயித்துல வச்சிக்கினு எப்படி அண்ணி ஜெபம் பண்ணுவ? வேற ஒண்ணு கேளேன். அண்ணா, நீயாவது சொல்லு."

அவர் என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தால் அடுப்பில் இருந்த சட்டி பறக்கும் என்று தெரிந்திருக்கும். திறக்கவில்லை.

"லீதியா, உன் வயித்துல ஓட்டை விழுந்தா நீ இன்னா வேணா வச்சிக்கோ. காகிதம் வச்சி ஒட்டிக்கோ. இது என் வயிறு. இதுல இன்னா வைக்கணும்னு கேக்காம முடிவு பண்ணவங்க எல்லாம் போதும்."

டீயைக் குடிக்காமல் போனாள். அந்த டீயையும் நானே குடித்தேன்.

மதியம் கல்யாண ஆல்பம் வந்தது. எல்லாப் படத்திலும் நான் வயிற்றுக்கு முன்னால் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ஒரு படத்தில் பிரிசில்லா மாலையோடு என் பக்கம் திரும்பிப் பார்க்கிறாள். அவள் பார்ப்பது என் முகத்தை இல்லை, அந்தக் கைப்பையை. மூடி வைத்துவிட்டேன்.

ஜூன் 19, திங்கள்

அட்மிஷன். வார்டில் பதினாறாம் நம்பர் கட்டில். சம்மதப் படிவத்தை நர்ஸ் வழக்கம்போல வீட்டுக்காரரிடம் நீட்டினாள். "இங்க குடு சிஸ்டர்" என்று வாங்கி, மூன்று பக்கத்தையும் படித்துக் கையெழுத்துப் போட்டேன். சாட்சி என்ற இடத்தில் அவரைப் போடச் சொன்னேன். எழுத்து கோடு தாண்டிப் போனது.

ஜூன் 22, வியாழன்

செவ்வாய்க்கிழமை முதல் ஆபரேஷன் ஆயிற்று. இன்றுதான் எழுத முடிகிறது.

எடுத்த வலையைக் காட்டச் சொன்னேன். டாக்டர் தயங்கிவிட்டு ஒரு டப்பாவில் கொண்டுவந்து காட்டினார். சுருண்டு, மஞ்சளாக, நைந்த நைலான் கயிறு மாதிரி இருந்தது. இது பத்து மாதம் எனக்குள்ளே இருந்தது. நாலு மாதம் எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது.

இப்போது வயிறு திறந்தே இருக்கிறது. உள்ளே கருப்புப் பஞ்சு, மேலே ஒட்டுத்தாள், அதிலிருந்து ஒரு குழாய் மிஷினுக்குப் போகிறது. அழுக்குத் தண்ணியை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. பக்கத்துக் கட்டில் அம்மா, "உங்க மிஷின் குறட்டை விடுது" என்றாள். சிரித்தேன். சிரிக்கக்கூடாது. உயிர் போயிற்று.

ஜூன் 24, சனி

அவர் தினமும் வருகிறார். பஸ் டியூட்டி முடித்து ஆம்பூரிலிருந்து ஒன்றரை மணி நேரம். ரசம் சாதம் கொண்டுவருகிறார். உப்பு இல்லை. நான் பேசுவதில்லை. இன்று போகும்போது, "தலையணை ஒசரமா வைக்கவா?" என்று கேட்டார். வைக்கச் சொன்னேன். அவ்வளவுதான்.

பிரிசில்லா வரவில்லை. மாப்பிள்ளைக்கு டைபாயிடாம்.

ஜூன் 27, செவ்வாய்

இன்று கிராஃப்ட், அந்தப் பன்றித்தோலை வைத்துத் தைக்கும் ஆபரேஷன். காலை ஏழரைக்கு எடுத்துப்போகிறார்கள். திரும்பி வந்தால் எழுதுகிறேன்.

ஜூலை 1, சனி

வந்துவிட்டேன். ஐந்து மணி நேரமாம். பக்கத் தசைகளைத் தளர்த்தி நடுவில் இழுத்துச் சேர்த்து, பின்னால் அந்தத் தோலை வைத்துத் தைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் குழாய். இருமும்போது தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். எனக்குள்ளே புதிதாக ஒரு பொருள் இருப்பதாகத் தோன்றவே இல்லை. வலிதான் இருக்கிறது. அது பழைய ஆள்.

ஜூலை 3, திங்கள்

நடந்தேன். கட்டிலிலிருந்து ஜன்னல் வரை. கஞ்சி.

ஜூலை 6, வியாழன்

தையலின் கீழ் ஓரம் பிரிந்துவிட்டது. மூன்று விரல் அகலம். காலையில் டிரஸ்ஸிங் மாற்றும்போது சிஸ்டர் பேச்சை நிறுத்தினாள், அதிலேயே தெரிந்துவிட்டது. உள்ளே வெள்ளையாகத் தெரிகிறதே அதுதான் கிராஃப்ட் என்றாள். கிருமி வந்திருக்கலாம், சீழ் எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும்! யாரைத் திட்டுவது என்று தெரியாமல் ஊசி போட வந்த பிள்ளையைத் திட்டிவிட்டேன். பிறகு கூப்பிட்டு ஆரஞ்சு கொடுத்தேன். அவள் வாங்கவில்லை. சரிதான்.

ஜூலை 8, சனி

டாக்டர் வந்து பார்த்தார். கிருமி இருக்கிறது, ஆனால் கிராஃப்ட் கெடவில்லை. "பிளாஸ்டிக்கா இருந்தா இந்நேரம் திரும்ப எடுக்க வேண்டியிருக்கும். இது தாங்குது. பாருங்க, ஓரத்துல சிவப்பா புள்ளி புள்ளியா தெரியுதா? அது உங்க சதை. உள்ள ஏறுது." மூக்குக் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். தெரிந்தது. குண்டூசித் தலை அளவு சிவப்பு, ஏழெட்டு இடத்தில்.

டாக்டர் போன பிறகு பிரிசில்லா வந்தாள். அவள் அப்பா போன் செய்து தையல் பிரிந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார். முகம் வீங்கியிருந்தது. ஸ்டூலில் உட்காரவில்லை, கட்டில் கம்பியைப் பிடித்து நின்றாள்.

"அம்மா, நான்தாம்மா. அப்பா இல்ல. அப்பா உடனே பண்ணிடலாம்னுதான் சொன்னாரு. நான்தான் அழுது கையெழுத்து போட வச்சேன். ரிப்போர்ட்டையும் நான்தான் எடுத்து வச்சேன்."

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

நோட்டைத் தலையணைக்குக் கீழே தள்ளினேன். அந்த இரண்டாவது கையெழுத்தைப் படிக்க எனக்கு எந்தக் கண்ணாடியும் வேண்டாம். 'பி'யின் கொக்கியை ஒன்றாம் வகுப்பில் கை பிடித்து எழுதப் பழக்கியது நான். ஒரு மாதமாக இந்த நோட்டிடமே பொய் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

"அப்புறம் ஏம்மா என்னை ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா நீ இல்லன்னு சொல்லுவ. நான் அத நம்பணும். அதுக்கு எனக்குத் தெம்பு இல்லடி."

அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, அவ்வளவு நாள் டாக்டர்மேலும் சாலமோன்மேலும் கொட்டியது எல்லாம் திரும்பி வந்து அவள்மேல் நின்றது.

"இன்னா பயம் உனக்கு? நீ இருவத்தேழு வயசுப் பொம்பள. எம்.காம் படிச்சவ."

"அவரோட அம்மா ஏற்கெனவே ஒரு தடவ கல்யாணத்தத் தள்ளிப் போட்டாங்க. இன்னொரு தடவ தள்ளினா வேணாம்னுடுவாங்கன்னு பயந்துட்டேன். மொதல்ல பாத்த எடமும் அப்படித்தானே போச்சு."

"போனா போவட்டும். வேற வரும். எனக்கு வேற வயிறு வருமா?"

"நீ செத்துடுவன்னு நான் நினைக்கலம்மா. சத்தியமா நினைக்கல. நீயும்தான் தினம் கேக்கும்போதெல்லாம் ஒண்ணும் இல்ல, வலி இல்லன்னுகினே இருந்த. நான் அத நம்பிக்கினேன். நம்பறது எனக்கு வசதியா இருந்திச்சு."

வசதியா இருந்திச்சு. இந்த வார்த்தையை அவள் சொல்லாமல் விட்டிருக்கலாம். சொன்னாள். அதற்காகத்தான் அவளை அப்போதே வெளியே போ என்று நான் சொல்லவில்லை.

"மன்னிச்சுட்டேன்னு சொல்லும்மா."

"இன்னிக்கி முடியாது."

"எப்போ?"

"தெரியாது. வந்தா சொல்றேன்."

ஐந்தரை மணிக்குப் பார்வையாளர் நேரம் முடியும் மணி அடித்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். போகும்போது குழாய்ப் பையை மிதிக்காமல் தாண்டிப் போனாள்.

ஜூலை 9, ஞாயிறு

அவர் வந்தார். "அவ சொல்லிட்டாளாம்" என்றார். "நீங்க ஏன் பழியத் தூக்கிக்கினீங்க?" என்று கேட்டேன். "உனக்கு நான் ஏற்கெனவே ஒரு கையாலாகாதவன். அதோட இதுவும் போவட்டும்னு. அவ உன் பொண்ணாச்சே" என்றார். இந்த மனுஷனை என்ன செய்வது? அவர்மேலும் கோபம் தீரவில்லை. அழுதாள் என்று போட்டுவிட்டாராம் கையெழுத்து. ரசத்தில் இன்று உப்பு இருந்தது. அதைச் சொன்னேன்.

ஜூலை 14, வெள்ளி

டிஸ்சார்ஜ். ஆறு மாதம் ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது. பெல்ட் போட வேண்டும். தினமும் டிரஸ்ஸிங். "மூணு வருஷம் கழிச்சு என்னாகும்?" என்று கேட்டேன். "மூணு வருஷம் கழிச்சு வாங்க, ரெண்டு பேரும் பாப்போம்" என்றார் டாக்டர் வினோலியா.

பைபாஸ் ரோடு ஆஸ்பத்திரியைப் பற்றிப் புகார் எழுதி மருத்துவக் கவுன்சிலுக்குத் தபாலில் போட்டேன். நான்கு பக்கம். சாலமோன் படித்துவிட்டு, "என் பேரும் இருக்குதே" என்றார். "இருக்கும்" என்றேன்.

ஜூலை 25, செவ்வாய்

தெருமுனை நர்ஸ் அக்கா தினம் வந்து துணி மாற்றுகிறார். காயம் இப்போது இரண்டு விரல் அகலம். வாடை இல்லை. மோந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன், இல்லவே இல்லை.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

நர்ஸ் அக்கா ஊருக்குப் போயிருக்கிறார். வீட்டுக்காரர் தான் செய்வதாகச் சொன்னார். காய்கறி நறுக்கவே தெரியாத கை அது. பிரிசில்லா குடியாத்தத்திலிருந்து காலையிலேயே வந்திருந்தாள். ஞாயிறுதோறும் வருகிறாள். வந்து துணி துவைக்கிறாள், மீன் கழுவுகிறாள், போகிறாள். நாங்கள் இருவரும் அதிகம் பேசுவதில்லை.

"நான் பண்றேம்மா" என்றாள்.

படுத்தேன். கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவிக்கொண்டு வந்தாள். பெல்ட்டைக் கழற்றினாள். ஒட்டுத்தாளைப் பிரித்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கண்ணைத் தொறந்து பாருடி. பாக்காம எப்படித் தொடைப்ப?"

பார்த்தாள். ஒரு சாண் நீளத் தழும்பு, கீழே இன்னும் மூடாத சிவப்புக் குழி. நன்றாகப் பார்த்தாள். உப்புத் தண்ணியில் பஞ்சை நனைத்து, உள்ளேயிருந்து வெளியே ஒரு தடவை, அந்தப் பஞ்சைப் போட்டுவிட்டுப் புதுப் பஞ்சால் இன்னொரு தடவை துடைத்தாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. யாரிடமோ கேட்டுக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறாள். நடுவில் நிறுத்தவில்லை.

குழியின் ஓரத்தில் பஞ்சு பட்டபோது என் கால் தானாக மடங்கியது.

"வலிக்குதாம்மா?"

இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். இருபத்தேழு வருஷப் பழக்கம்.

"வலிக்குது" என்றேன். "ரொம்ப வலிக்குது, பிரிசி."

அவள் கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள். பிறகு, இன்னும் மெதுவாகத் துடைத்தாள்.